மூன்றாம் நம்பர் பம்பின் சொந்தபந்தம்

முத்தரசன்துறை உப்பாலையில் கடல்நீர் இறைக்கிற மூன்றாம் நம்பர் பம்பு, தேவகனி என்ற ஒப்பந்தத் தொழிலாளி ஊர் எல்லையைத் தாண்டினால் நின்றுவிடும், அவள் திரும்பி வந்தால் தானாக ஓடும் என்பதை இப்போதெல்லாம் அந்த ஊரில் யாரும் வியப்பாகச் சொல்வதில்லை. பெண் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களிடம், கடைசி பஸ் எப்போது, குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொல்லிவிட்டு, காபி ஆறுது, குடிங்க என்பார்கள். வியப்பு எழுந்து போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அது சந்தேகம். அது பம்பைவிடச் சீராக, பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா அந்த ஆலையின் கணினிப் பிரிவு அதிகாரி. பிரிவில் அதிகாரியும் அவள்தான், ஆளும் அவள்தான். அவள் கணவர் தொபியாஸ் அங்கேயே பம்பு ஆபரேட்டர். மூன்றாம் நம்பர் அவர் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் இல்லை. ஆலைக் குடியிருப்பில், கடலைப் பார்த்த வரிசையில் வீடு. பம்பின் ரீங்காரம் சமையலறை வரை கேட்கும், அது நின்றால்தான் காது விழித்துக்கொள்ளும்.

எல்லாம் சென்னையிலிருந்து வந்த ஓர் உத்தரவில் தொடங்கியது. ஆலையில் எது பழுதானால் எது எது நிற்கும் என்பது தலைமை அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை; தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். ஆகவே ஆலையிலுள்ள அத்தனை பொருளையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்து, மேலே ஒரு தாய் வகுப்பும் அதன் கீழே பிள்ளை வகுப்புகளுமாக அடுக்கி, பிறகு இது அதை நம்பியிருக்கிறது, அது இன்னொன்றை நம்பியிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் நடுவே கோடு போட்டு, ஒரு தரவுத்தளம் உண்டாக்கும்படி ஜெசிந்தாவுக்கு எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நீளமானது, வாயில் நுழையாதது. ஊர் அதற்குச் சொந்தபந்தப் பெட்டி என்று பெயர் வைத்தது.

தொழிற்சங்கச் செயலாளர் மாசானமுத்து முதல் நாளே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். “இது என்ன மேடம், மேல ஒருத்தன், கீழ நாலு பேரு, அவனுக்குக் கீழ இன்னும் பத்து பேரு? கம்ப்யூட்டர்லயும் இந்த வேலை வந்துட்டா?”

“மெஷினுக்குத்தாண்ணே.”

“மெஷினுக்குன்னுதான் ஆரம்பிப்பாங்க,” என்றார் மாசானமுத்து. அவர் எதையும் சந்தேகப்படுகிறவர். அந்த வகையில் ஊருக்கு முன்னோடி.

தவறு நடந்தது இயந்திரத்தில் இல்லை, அட்டையில். ஒப்பந்தத் தொழிலாளிகள் கம்பெனியின் ஆட்கள் இல்லை என்பது கம்பெனியின் நிலைப்பாடு. நீதிமன்றம் வரை போய் அதை நிலைநாட்டியிருந்தார்கள். அதனால் பணியாளர் என்ற வகுப்பில் அவர்களுக்கு இடம் கிடையாது. ஆனால் அவர்கள் கழுத்தில் தொங்குகிற வாசல் அட்டை கம்பெனியின் சொத்து. அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும். அட்டைகளையெல்லாம் வாசல் சாதனங்கள் என்ற வகுப்பில் ஏற்றியபோது, சாதனத்தின் பெயர் என்ற கட்டத்தில் அட்டையில் அச்சடித்திருந்த ஆளின் பெயரே போய் உட்கார்ந்தது. இப்படியாகப் பம்புக்குக் கடல்நீர் வருகிற குழாய்வாயில் அடைகிற பாசியும் சிப்பியும் அள்ளுகிற தேவகனியும், அவளோடு வேலை செய்த பெண்களும், கதவுக்கும் பூட்டுக்கும் அடுத்தபடியாக ஆலையின் சாதனங்கள் ஆனார்கள். கொஞ்ச காலம் அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபிறகு, சாதனமாக இருந்தால் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வார்களே என்று அந்தப் பெண்களே சிரித்தார்கள்.

பெட்டியில் எழுதியது நடக்கும் என்பது கேன்டீன் இட்லியில் தெரிந்தது. இறக்குமதி செய்த பட்டியலில் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று தவறாக ஒட்டிக்கொண்டு, இட்லி வேகிற நீராவிப் பெட்டி மேனேஜர் பட்டாபிராமனின் காரை நம்பியிருக்கிறது என்று ஒரு கோடு விழுந்திருந்தது. மேனேஜர் காரில் மதுரைக்குப் போன நாளெல்லாம் அடுப்பு எரிந்தும் மாவு மாவாகவே இருந்தது. மாஸ்டர் முதலில் அரிசியைச் சந்தேகப்பட்டார், பிறகு காஸ்காரனை, பிறகு தனக்கு உதவியாக இருந்த மச்சானை. மச்சான் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போய் ஒரு வாரம் கழித்துத்தான் ஜெசிந்தாவின் கண்ணில் அந்தக் கோடு பட்டது. அவள் அழித்தாள். அதே நொடியில் நீராவி குபுகுபுவென்று கிளம்பி மாஸ்டரின் ஒரு பக்கத்துப் புருவத்தைக் கொண்டுபோனது. தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று. இனி அனுமதியில்லாமல் எந்தக் கோட்டையும் தொடக் கூடாது என்று பதில் வந்தது. அனுமதி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

அடுத்து வந்த மழைக்காலத்தில், உப்பெடுப்பு நின்றதும் வழக்கம்போல ஒப்பந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தேவகனி தூத்துக்குடியில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பம்பு நின்றது. பாசிதான் அடைத்திருக்கும் என்று இறங்கிப் பார்த்தார்கள். குழாய்வாய் கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தது. மோட்டாரைப் பிரித்தார்கள், பூட்டினார்கள், சாமி கும்பிட்டார்கள். மூன்றாம் நாள் தேவகனி மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தாள். பஸ் ஊர் எல்லையிலுள்ள செக்போஸ்ட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் பம்பு ஓடியது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஓர் இன்ஜினியர் அவளை ஜீப்பில் ஏற்றிச் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் காலையெல்லாம் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். ஜீப் போனால் நின்றது, வந்தால் ஓடியது. ஜெசிந்தா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூன்றாம் நம்பர் பம்பு தேவகனியை நம்பியிருக்கிறது என்று அங்கே ஒரு கோடு இருந்தது. இட்லியைப்போல இதுவும் பட்டியல் செய்த கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு தேவகனியை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மழையிலும் வேலை, உட்கார நாற்காலி, காய்ச்சல் என்றால் கம்பெனி டாக்டரே குடிசைக்கு வந்து நாக்கை நீட்டச் சொல்வார். அவளுக்கு இல்லாத ஒன்றே ஒன்று, செக்போஸ்ட்டைத் தாண்டுகிற அனுமதி.

ஊர் இதைத் தன் பாட்டுக்கு விழுங்கிச் செரித்துக்கொண்டது. மாசானமுத்து கூலி உயர்வுக் கோரிக்கையைக் கிடப்பில் போட்டுவிட்டு, தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முக்கியமான ஓர் இயந்திரத்தோடு கோடு போட்டுத் தரவேண்டும் என்று வாயில் கூட்டம் நடத்தினார். மருமகளிடமிருந்து மகனைப் பிரித்து எடுக்க விரும்பிய மாமியார்களும், மகனிடமிருந்து மாமியாரைப் பிரிக்க விரும்பிய மருமகள்களும், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஜெசிந்தாவின் பின்வாசலுக்கு நெத்திலியும் நண்டும் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கவில்லை, வாங்கிவிட்டாள் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் பேரில் கோடு எதுவும் இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் இருமும்போது தனக்கும் இருமல் வந்தால், நம்மோடு இவனை யாரோ முடிந்துவிட்டார்கள் என்று கதவைச் சாத்தினார்கள். நண்பர்கள் தோளில் கை போடும்போது, இது இவனாகப் போடுகிற கையா என்று ஒரு கணம் யோசித்தார்கள். பங்குத்தந்தை பிரசங்கத்தில், ஆண்டவர் மனிதனைச் சுதந்திரமாகப் படைத்தார் என்று ஆரம்பித்து, கூட்டத்தில் பலர் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, இருமலோடு முடித்துக்கொண்டார்.

இந்தப் பார்வைகளையெல்லாம் ஜெசிந்தா தாங்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டில் அவளுக்கு நல்ல காலம் பிறந்திருந்தது. முன்பெல்லாம் தொபியாஸ் ஷிப்ட் முடிந்ததும் மீன் ஏலக்கூடத்தில் சீட்டாடப் போவார், அவர் வரும்போது வருவார். போன மழைக்காலம் முதல் ஆலைச் சங்கு ஊதியதும் சைக்கிளை நேராக வீட்டுக்கு விட்டார். ஏலக்கூடத்துக்காரர்கள் கையைத் தட்டிக் கூப்பிட்டாலும், வண்டி நிற்கவில்லை என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார். தங்கை மகள் சடங்குக்கென்று ஜெசிந்தா மணப்பாட்டுக்குப் போன இரண்டு நாளும் மனிதர் பாயைவிட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எழ முடியவில்லை, அவ்வளவுதான். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். அந்தோணியாருக்கு ஒன்பது நாள் செபித்து வைத்த நவநாளின் பலன் என்று அவள் நம்பி, மெழுகுவர்த்தி ஏற்றினாள். மற்றப் பெண்களின் முகத்தில் பொறாமை தெரிந்தபோது அதையும் சேர்த்து அனுபவித்தாள்.

சித்திரை வெயிலில் ஒரு பிற்பகல் தேவகனி கணினி அறைக்கு வந்தாள். குளிரூட்டிய அறை என்பதால் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“மேடம், திருப்பூர்ல மகளுக்கு இது தலைப்பிரசவம். நாள் நெருங்கிட்டு. நான் போவணும்.”

“மேனேஜர்ட்ட கேட்டியா?”

“கேட்டேன். பிள்ளையை இங்க கூட்டிட்டு வந்து பெத்துக்கிடச் சொல்லுதாரு. ஒம்போது மாசக்காரியை லாரியில ஏத்தணுமாம்.” தேவகனி குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாது. என்னைய எதுக்கு கட்டிப் போட்டீங்க?”

“நானா? நான் போடலை. அது தானா விழுந்த கோடு.”

“ஊருல அப்படிச் சொல்லலையே. உங்களுக்கும் எனக்கும் ஏதோ பகைங்காங்க. நான் உங்களை என்ன செஞ்சேன்னு இந்த ஆறேழு மாசமா ரோசிச்சு ரோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் தட்டுப்படலை.”

“கோட்டை எடுத்துட்டா அடுத்த மழைக்கு உன்னையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க தேவகனி. அது தெரியும்லா?”

“போனாப் போவுது. பம்பு ஓடுதேன்னு நான் பெருமைப்பட்ட காலமும் உண்டு, இல்லைங்கலை. இப்ப மக போன்ல அழுதா பம்புச் சத்தந்தான் மேடம் குறுக்க கேக்கு.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் நடிப்பு என்பார்களோ என்று பயந்ததுபோல அப்படியே விட்டாள். “நாளைக்குச் சாயந்தரப் பஸ்ல ஏறிருவேன். நின்னா நிக்கட்டும்.”

அவள் போனபிறகு ஜெசிந்தா கோட்டைத் திறந்தாள். தான் போடவில்லை என்பதைத் தனக்கே ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பெட்டியில் ஒவ்வொரு கோட்டுக்கும் பிறப்பு வளர்ப்பு உண்டு. எப்போது விழுந்தது, யார் போட்டது என்பதெல்லாம் அதன் அடியில் இருக்கும். இட்லிக் கோட்டின் அடியில், பட்டியலிலிருந்து வந்தது என்று இருந்தது. இதன் அடியில் அப்படி இல்லை. ஜெசிந்தா என்று இருந்தது. மழைக்கு முன்னால் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு வேளை.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கடைவாய்ப் பல்லுக்காகத் தூத்துக்குடி டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த நாள் அது. அறைச் சாவி வீட்டு ஆணியில் தொங்கியது. அவளுடைய கடவுச்சொல், சிறு வயதில் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கில் அவளுக்கு வைத்த பெயர். அந்தப் பெயர் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பங்குத்தந்தை, அவர் கைப்பேசியையே பிடிவாதமாகத் தலைகீழாகப் பிடிக்கிறவர். இன்னொருவர் தொபியாஸ்.

வேலைக்கு வந்திருந்த அத்தனை பெண்களில் தேவகனி. அத்தனை இயந்திரங்களில் மூன்றாம் நம்பர். எந்நேரமும் அவர் நிற்கிற இடத்தில் அவள் நிற்கும்படி, ஊரைவிட்டே போகாதபடி ஒரு கோடு.

மாலை தொபியாஸ் சங்கு ஊதியதும் வந்தார். குளித்தார். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார்.

“தேவகனி ஊருக்குப் போறாளாமே,” என்றாள் ஜெசிந்தா.

“ம்.”

“உங்ககிட்ட சொன்னாளா?”

“எல்லார்ட்டயும்தான் சொல்லிட்டிருக்கா.” அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். “பாவம், போகட்டும்.”

“போனா பம்பு?”

“பம்பு கெடக்கு.”

தன் பொறுப்பில் இருக்கிற பம்பைக் கெடக்கு என்று சொன்ன ஆபரேட்டரை அவள் உற்றுப் பார்த்தாள். காலையில் அவர் இஸ்திரிக்காரனிடமிருந்து கட்டம் போட்ட சட்டையை வாங்கி வந்து அலமாரியில் மாட்டியிருந்தார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற சட்டை. இந்த வாரம் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை. பிரசவம் உண்மைதானா, திருப்பூரில் மகள் இருக்கிறாளா, இருந்தாலும் போகிறது ஒருத்தியா இரண்டு பேரா என்று அவள் மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தானே கோடு போட்டுக்கொண்டு போயிற்று. அந்தக் கோடுகளை அழிக்கவும் யாருடைய அனுமதியும் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவள் முடிவோடு உட்கார்ந்தாள். ஊரிலுள்ள பெண்களெல்லாம் கெஞ்சியும் யாருக்கும் செய்யாததைத் தனக்குச் செய்யப் போகிறோம் என்பது உறுத்தியது. உறுத்தலோடே செய்தாள். பணியாளர் வகுப்பைத் திறந்து, தொபியாஸ் என்ற பெயரை எடுத்து வைத்தாள். எதிரே ஜெசிந்தா என்ற பெயரை வைத்தாள். நடுவில், நம்பியிருக்கிறது என்பதைத் தேர்ந்தாள். சேமி என்பதை அழுத்தினாள்.

இந்த உறவு ஏற்கெனவே உள்ளது என்றது திரை.

அவள் திரும்பவும் அழுத்தினாள். திரை அதையே சொன்னது. கீழே பார்த்தாள். அதே நாள், அதே மதியம், தேவகனியின் கோட்டுக்கு அடுத்த கோடு. போட்டவர் பெயர் ஜெசிந்தா.

நிற்காத சைக்கிள், பாயைவிட்டு எழாத இரண்டு நாள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுப் பிறந்த பசி எல்லாம் அவள் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அந்தோணியாருக்கு இதில் சம்பந்தமில்லை. அவளுக்கும் சம்பந்தமில்லை. நீராவிப் பெட்டி காரை நம்பியிருந்த மாதிரி ஒரு மனிதர் அவள் வீட்டில் இருந்திருக்கிறார். கோட்டின் மறுமுனையில் வேறு பெயர் இருந்திருந்தால் வேறு வாசலில் பசிக்கிறது என்றிருப்பார்.

ஏன் போட்டார் என்பது அவளுக்குப் புரியவில்லை. ஒருத்தியைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டவர், தன்னை ஏன் இன்னொருத்தியிடம் கட்டிக்கொள்ள வேண்டும்? ஊர் வாயை அடைக்கவா? அவளைத் தூங்க வைக்கவா? எந்தப் பதிலும் நல்ல பதிலாகத் தோன்றவில்லை. கேட்டால் சொல்லுவார், சொல்வது அவரா, கோடா என்று எப்படித் தெரியும்?

அவள் அந்தக் கோட்டைப் பிடித்து நீக்கினாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆம் என்றாள்.

பிறகு தேவகனியின் கோட்டையும் நீக்கினாள். இத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் ஓர் உத்தரவை மீறிய நல்ல அதிகாரியாக மட்டும் இருந்திருப்பாள். அவள் நிறுத்தவில்லை. மூன்றாம் நம்பர் பம்பை எடுத்து வைத்து, எதிரே தொபியாஸின் பெயரை வைத்து, நம்பியிருக்கிறது என்று ஒரு புதிய கோடு போட்டாள். இந்தக் கோடு அவரைக் கட்டாது, பம்பைத்தான் கட்டும். அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் பம்பு நிற்கும். நின்றால் அவளுக்குக் கேட்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. பட்டாபிராமன் போன்செய்து, அந்தப் பொம்பளை பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளாமே என்று கத்தியபோது, “போகட்டும் சார், பம்பை நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள்.

“நீங்க என்ன பண்ணினீங்க?” என்றார் அவர் சந்தேகமாக.

“ஒண்ணும் பண்ணலை சார்.”

சாயங்காலம் அவள் சங்குக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். சங்கு ஊதியது. குடியிருப்பின் முன்னால் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் போயின. தொபியாஸின் சைக்கிள் வரவில்லை. அலமாரியைத் திறந்தாள். கட்டம் போட்ட சட்டை இல்லை.

அவள் சமையலறையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். அரிசியைக் கழுவி வைத்துவிட்டு அடுப்பை மூட்டாமல் இருந்தாள். வெளிச்சம் மஞ்சளாகிச் சிவந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்தை அவள் ஒரு தடவையும் கேட்டதில்லை, கேட்டபடி இருந்திருக்கிறாள். இப்போதுதான் கேட்டாள். அடியில் ஒரு கனத்த முனகல், அதன்மேல் தகரம் உரசுவதுபோல ஒரு மெல்லிய சத்தம், இடையிடையே தண்ணீரை விழுங்குகிற ஒரு கடகடப்பு. திருப்பூர் பஸ்ஸின் ஹார்ன் கடைத்தெருவில் கேட்டது. பிறகு உப்பளச் சாலையில், இன்னும் தள்ளி. அவள் மனதுக்குள் பஸ்ஸோடு போனாள். ஐஸ் பாக்டரி, மாதா குருசடி, உப்புக் குவியல்கள், செக்போஸ்ட்.

பம்பு நின்றது.

குடியிருப்பில் கதவுகள் திறந்தன. “தேவகனி போயிட்டாடே,” என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் மேனேஜரைச் சொல்லித் திட்டினார். எல்லோரும் எதிர்பார்த்திருந்த ஒன்று நடந்த நிம்மதியில் கதவுகள் மூடின. ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும், அந்த மௌனத்துக்குள் எத்தனை பேர் போகிறார்கள் என்று. அவள் அழவில்லை. சட்டை மாட்டியிருந்த கம்பி மாட்டியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு அதை நேராக்க முயன்றாள். அது நேராகவே இருந்தது. ஆலையை நிறுத்திவிட்டோம், நாளைக்கு வேலை போகும் என்ற எண்ணம் தூரத்தில் எங்கோ வந்து நின்று, உள்ளே வரக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிற்று.

இருட்டத் தொடங்கியபோது ஒரு செருமல் கேட்டது. பிறகு கடகடப்பு. பிறகு அந்த முனகல். பம்பு ஓடியது.

மறுபடியும் கதவுகள் திறந்தன. “என்னடே இது, அவ திரும்பி வந்துட்டாளா?” “பஸ்ஸு போயிட்டேவே, நான் பாத்தேன்லா!” “அப்ப எவன் பேர்லயோ மாத்திட்டாங்க.” “எவன் பேர்ல?” அந்தக் கேள்வி வீடு வீடாகப் போவதை அவளால் கேட்க முடிந்தது. அவள் எழுந்து அடுப்பை மூட்டினாள்.

தொபியாஸ் நடந்து வந்தார். கட்டம் போட்ட சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, கால் முட்டிவரை உப்பளப் புழுதி. வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

“ஏளா, நீ எதையும் எடுத்துட்டியா?”

“ஏன்?”

“சங்கு ஊதிச்சு. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். எந்தப் பக்கம் போறதுன்னு நான் ரோசிக்க வேண்டியிருந்துச்சு. இத்தனை நாளா அப்படி இல்லை.” அவர் படியில் உட்கார்ந்தார். “நான்தான் போட்டேன். உனக்குத் தெரிஞ்சிருச்சில்லா?”

“தெரியும். எதுக்குன்னு சொல்லுங்க.”

“அந்த மழைக்கு எல்லாரையும் அனுப்பப் போறாங்கன்னு தெரிஞ்சுது. இட்லிக் கூத்து அப்பத்தான் நடந்து முடிஞ்சிருந்துச்சு. ஒரு ஆளையாவது நிறுத்துவோம்னு நெனச்சேன். அவ பேரைத்தான் போட்டேன்.”

“எதுக்கு அவ பேரை?”

தொபியாஸ் காலிலிருந்த புழுதியைத் தட்டினார். “அவ சிரிச்சா நல்லாருக்கும்,” என்றார். “அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா. போட்டு முடிச்சதும் எனக்கு பயமாயிட்டு. அவ இங்கயே நிப்பா, நானும் அங்கயே நிப்பேன். என் மேல எனக்கே சந்தேகம். அதான் உக்காந்த உக்காட்டுல என் பேரை உன் பேரோட போட்டுட்டேன். நல்லாத்தான இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள் ஜெசிந்தா. “இன்னைக்கு?”

“இன்னைக்கு வழியனுப்பணும்னுதான் நேத்தே சட்டையை வாங்கி வச்சேன். வழியனுப்பிட்டு வந்துருவோம், எப்படியும் கால் தானா வீட்டுக்குத்தான வரும்னு. பஸ் கிளம்பும்போது ஏறிட்டேன். கால் ஒண்ணும் சொல்லலை. அவ திரும்பிப் பாத்து, எங்கண்ணே வாறீங்கன்னு கேட்டா. செக்போஸ்ட் தாண்டி, பெட்ரோல் பங்குகிட்ட எறங்கிட்டேன்.”

“எதுக்கு எறங்குனீங்க?”

“தெரியலைளா. எறங்கணும்னு தோணிச்சு. யாரும் இழுக்கலை.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “நடந்து வந்தேன்.”

ஜெசிந்தா அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்கிறாரா என்று தேடினாள். புழுதியும் களைப்பும்தான் இருந்தன. ஊரிலுள்ள பெண்களில் தன் புருஷன் தானாக வந்தார் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவள் இன்றைக்கு அவள் ஒருத்திதான். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். “ஆமா, வழியில சொன்னாங்க. பம்பு நின்னு ஓடுதாமே. தேவகனி போயிட்டா, பின்ன எப்படி? யார் பேர்ல மாத்துன?”

சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“என் பேர்ல,” என்றாள். “மாத்துறதுக்குக் கொஞ்ச நேரம் ஆயிட்டு. அதான் நடுவுல நின்னுது.”

தொபியாஸ் சொம்பைக் கீழே வைத்தார். அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. அப்படி மலர்ந்து அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. “அப்ப நீயும் இனிமே இந்த ஊரைவிட்டுப் போக முடியாதா?” என்று கேட்டு அவள் கையைப் பிடித்தார்.

“போக முடியாது.”

எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்ட அந்த ஊரில் அவர் அவளை அப்படியே நம்பினார். பசிக்கிறது என்றார். அவள் தட்டை வைத்துச் சோறு போட்டாள். அவர் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே தேவகனியின் மகளுக்குப் பெண் பிறக்கும், பையன் பிறக்கும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா சரி சரி என்று தலையாட்டினாள். அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. அவள் பம்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.